தோழமைக்குப் பதினைந்து நிமிடக் கணக்கு

அமெரிக்காவில் ஏழைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீட்டுக்கு மெடிகெய்டு என்று பெயர். மனநல மையங்கள் அதற்கு அனுப்பும் பில்களில் எச்0038 என்றொரு குறியீடு வரும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு அலகு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஊசி போடுவதில்லை, மருந்து எழுதுவதில்லை, நோயைக் கண்டறிந்து பெயர் வைப்பதும் இல்லை. மனநோயோடு பல வருடம் வாழ்ந்து, வார்டில் கிடந்து, மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கிய ஒருவர், இப்போது அதே இடத்தில் நிற்கும் இன்னொருவரோடு உட்கார்ந்து பேசுகிறார். அல்லது கூடவே எங்காவது போய் வருகிறார். அதற்குத்தான் அரசு பணம் கொடுக்கிறது.

இந்த வேலையைச் செய்பவரை அங்கே பியர் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட் என்கிறார்கள். நாம் சக ஆதரவாளர் என்று வைத்துக்கொள்வோம். கால் நூற்றாண்டுக்கு முன் இப்படி ஒரு உத்தியோகம் அமெரிக்காவில் இல்லை என்றே சொல்லலாம். இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அரசு அங்கீகாரமும் பயிற்சியும் தேர்வும் உண்டு. சமூக மனநலச் சேவையில் இதை ஒரு பெரிய முன்னேற்றமாகப் பேசுகிறார்கள். முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த வேலைக்கு மதிப்பு வருவதே இது மருத்துவ வேலை இல்லை என்பதால். அதற்குச் சம்பளம் கிடைப்பதோ, அதை மருத்துவ சேவை என்று கணக்கில் காட்டுவதால். வேலையின் அன்றாடப் பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த முரணிலிருந்துதான் முளைக்கின்றன. இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க ஜார்ஜியா மாநிலத்துக்குப் போக வேண்டும்.

ஜார்ஜியாவில் மில்லெட்ஜ்வில் என்றொரு ஊர். 1842-இல் அங்கே மாநிலத்தின் மனநோய் விடுதி திறக்கப்பட்டது. 1960-களில் அங்கே சுமார் 12,000 பேர் அடைபட்டிருந்தார்கள். அந்தக் காலத்து ஜார்ஜியாவில் பிள்ளைகள் அடம்பிடித்தால் "மில்லெட்ஜ்வில்லுக்கு அனுப்பிவிடுவேன்" என்று பெற்றோர் மிரட்டுவார்களாம். நம்மூரில் கீழ்ப்பாக்கம் என்ற பெயர் எப்படிப் பயன்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் விளக்கம் தேவைப்படாது.

அந்த வளாகத்தில் சுமார் 25,000 பேர் புதைக்கப்பட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். கல்லறைகளில் பெயர் கிடையாது. எண் பொறித்த சிறு இரும்புக் குச்சிகள்தான். புல்வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றை ஒரு கட்டத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். எந்த எண் யாருடையது என்பது ஏட்டில் இருந்தாலும், எந்தக் குழி எந்த எண்ணுக்குரியது என்பது போயே போய்விட்டது. 1997-இல் அந்த இடத்தைப் பார்க்கப் போன ஒரு குழு இதைக் கண்டு அதிர்ந்தது. குழுவில் இருந்தவர்கள் மனநோய் அனுபவம் உள்ளவர்கள், மாநிலத்தின் மனநலச் சேவையைத் தாங்களே பயன்படுத்தியவர்கள். கல்லறையைச் சீரமைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பிடுங்கி எறியப்பட்டதில் கிடைத்த சுமார் 2,000 குச்சிகளைத் திரட்டி ஒரே இடத்தில் நினைவிடமாக நட்டார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த இயக்கத்தை நடத்தியவர்களும், சக ஆதரவாளர் என்ற உத்தியோகத்தை உருவாக்கியவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள். மனநலச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களை அங்கே நுகர்வோர் என்பார்கள். அவர்களின் அமைப்பான ஜார்ஜியா மனநல நுகர்வோர் வலையமைப்பு 1991-இல் தொடங்கப்பட்டிருந்தது. இருமுனைக் கோளாறோடு தான் வாழ்ந்ததை ஒளிக்காமல் பேசிய லாரி ஃபிரிக்ஸ் மாநில மனநலத் துறைக்குள்ளேயே நுகர்வோர் விவகாரங்களுக்கான பொறுப்பில் இருந்தார். வெளியே ஒரு அமைப்பு, உள்ளே ஒரு ஆள். இந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் காரியம் நடந்திருக்காது.

மனநோயிலிருந்து மீண்டவர்களைப் பணிக்கு வைப்பது புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் பியூசேன் என்ற நிர்வாகி, குணமானவர்களையே காவலாளர்களாக வைத்துக்கொண்டார். மற்றவர்களைவிட இவர்கள் அடிப்பதில்லை, கருணையோடு நடக்கிறார்கள் என்று மருத்துவர் பினேல் பாராட்டினார். 1970-களில் அமெரிக்காவில் முன்னாள் நோயாளிகளின் உரிமை இயக்கம் எழுந்தது. அது கோபமுள்ள இயக்கம். கட்டாயச் சிகிச்சையை எதிர்த்தது, மருத்துவமனைக்கு வெளியே தங்கள் கையால் நடத்தும் மையங்களைக் கேட்டது. இதில் எங்கும் மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜார்ஜியா வேறு வழியில் போனது. மெடிகெய்டில் மறுவாழ்வுச் சேவைகள் என்றொரு பிரிவு உண்டு. மருத்துவமனைக்கு வெளியே, ஒருவர் இழந்த செயல்திறனை மீட்டுத் தரும் சேவைகளுக்கு அதில் பணம் கேட்கலாம். சக ஆதரவும் அப்படி ஒரு சேவைதான் என்று வாதாடி, 1999-இல் ஒப்புதல் வாங்கிய முதல் மாநிலம் ஜார்ஜியா. அடுத்த சில ஆண்டுகளில் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. 2007 ஆகஸ்டில் மத்திய அரசின் மெடிகெய்டு நிர்வாகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது. நீங்களும் செய்யலாம், ஆனால் மூன்று நிபந்தனை: மனநலத் தொழில்முறையாளர் ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டும், சிகிச்சைத் திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும், பயிற்சியும் சான்றும் வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் இந்த வேலை நாடு முழுக்கப் பரவியது.

அதே 1999-இல் இன்னொன்றும் நடந்தது. ஜார்ஜியாவில் லோயிஸ் கர்ட்டிஸ், எலேன் வில்சன் என்ற இரு பெண்கள், வெளியே வாழத் தகுதி உண்டு என்று மருத்துவர்களே சொன்ன பிறகும் மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், தேவையில்லாமல் நிறுவனத்துக்குள் அடைத்து வைப்பது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் மாநிலம் மெத்தனமாகவே இருந்தது. 2010-இல் மத்திய நீதித் துறையோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்ட பிறகே வேகம் பிடித்தது. தீவிர மனநோய் உள்ள சுமார் 9,000 பேருக்குச் சமூகத்துக்குள்ளேயே சேவை, வீடு தேடிப் போகும் 22 சிகிச்சைக் குழுக்கள் என்று அதில் எழுதப்பட்டது. அப்படிப்பட்ட குழுக்களில் மருத்துவர், நர்ஸ், சமூகப் பணியாளரோடு சக ஆதரவாளருக்கும் இடம் உண்டு.

சரி, அவர் என்னதான் செய்கிறார்?

ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு தனி நபரின் கதையும் அல்ல, வேலையின் தன்மையைக் காட்ட நான் அமைத்தது. அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டரில் வாடகை அறையொன்றில் நாற்பது வயதுக்காரர் இருக்கிறார். போன வாரம் அவரை '1013 போட்டு' கொண்டுபோனார்கள். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பார் என்று மருத்துவரோ உரிமம் பெற்ற ஆலோசகரோ கையெழுத்திடும் கட்டாயப் பரிசோதனைப் படிவத்தின் எண் அது. ஜார்ஜியாவில் அந்த எண்ணே வினைச்சொல்லாகிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் திரும்பியிருக்கிறார். மருந்துப் பையைப் பிரிக்கவில்லை.

சமூகப் பணியாளர் வந்தால் முதல் கேள்வி "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும், அது அவர் பொறுப்பு. சக ஆதரவாளர் அதைக் கேட்பதில்லை. "அங்கே எப்படி நடத்தினாங்க?" என்று தொடங்குகிறார். பெல்ட்டையும் ஷூ லேஸையும் பிடுங்கி வைத்துக்கொண்டதை, போலீஸ் காரில் போனபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் சொல்கிறார். இவர் தன் முறைக்குச் சொல்கிறார்: "என்னை இரண்டு தடவை கொண்டுபோயிருக்காங்க. வந்த பிறகு ஒரு மாசம் கதவைத் திறக்கவே பயம்." அதற்கு மேல் தன் கதையை நீட்டுவதில்லை. பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவது இதைத்தான். எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு பயன்படுமோ அவ்வளவு கதை போதும். எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் மருந்துப் பேச்சு தானாக வருகிறது. போட்டால் காலையில் பதினொரு மணிவரை எழ முடியவில்லை, வாய் வறண்டுவிடுகிறது, எடை ஏறுகிறது. மருந்தை நிறுத்து என்றோ போடு என்றோ சக ஆதரவாளர் சொல்லக் கூடாது. "டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?" என்றால், "ரெண்டு நிமிஷம்தான் பார்த்தார், எல்லாம் மறந்துபோச்சு" என்கிறார். இருவரும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி எழுதுகிறார்கள். இரவு வேளையைச் சற்று முன்னால் மாற்ற முடியுமா என்பது முதல் கேள்வி. அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கூட வருவதாக இவர் சொல்கிறார். பலருக்கு மருந்தைவிடக் கடினமானது அந்தப் பஸ் பயணம்தான்.

வேலை இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. இதில் சின்னதாகத் தெரியும் ஒவ்வொன்றும் சின்னது அல்ல என்று நான் நம்புகிறேன். தன்னைப் போலவே கதவைத் திறக்கப் பயந்த ஒருவர் இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு எந்த அறிவுரையும் ஈடாகாது. இந்த வேலைக்குத் தேவைப்படும் தகுதியை வேறு யாராலும் படித்து வாங்க முடியாது.

திரும்பிப் போவதற்கு முன் குறிப்பு எழுத வேண்டும். பில் போக வேண்டுமென்றால் சந்திப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, சிகிச்சைத் திட்டத்தின் எந்த இலக்கோடு இது தொடர்புடையது, அவர் எப்படி எதிர்வினை காட்டினார் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "ஷூ லேஸைப் பற்றிப் பேசினோம்" என்று எழுதினால் தணிக்கையில் பணம் திரும்பக் கேட்பார்கள். "மருத்துவரோடு பேசும் திறனை வளர்க்க உதவப்பட்டது" என்று எழுதினால் செல்லும். இரண்டுமே உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் இந்த மொழியில் எழுதுகிறவருக்கு, எதிரே இருப்பவரைப் பார்க்கும் கண்ணும் மெதுவாக மாறிப்போகும். நல்ல மையங்களில் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். குறிப்பை இருவரும் சேர்ந்து எழுதுவது. லேப்டாப்பைத் திருப்பி வைத்து, "இன்னிக்கு நாம என்ன செஞ்சோம்னு எழுதலாம்?" என்று கேட்பது. தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று பல வருடமாகத் தெரியாமலே இருந்தவருக்கு அது பெரிய விஷயம்.

அலகுக் கணக்கு வேறு விதத்திலும் நெருக்கும். பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த நேரம், ஆள் வீட்டில் இல்லாமல் திரும்பி வந்த நேரம், கதவுக்கு வெளியே நின்று "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்த நேரம் எல்லாம் பொதுவாகப் பில்லில் சேராது. தினமும் இத்தனை அலகு காட்ட வேண்டும் என்று நிர்வாகம் இலக்கு வைத்தால், கதவைத் திறக்காதவர் பட்டியலில் கீழே இறங்குவார். இந்தச் சேவை யாருக்காக உருவானதோ அவரே அவர்.

மேற்பார்வை இன்னொரு சிக்கல். 2007 கடிதம் கேட்ட மேற்பார்வையாளர் பெரும்பாலும் சமூகப் பணியிலோ உளவியலிலோ பட்டம் பெற்றவர். அவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர். ஆனாலும் அந்த வேலையைச் செய்யாத ஒருவரே அதை மதிப்பிடும்போது, தனக்குத் தெரிந்த அளவுகோலைத்தான் எடுப்பார். சக ஆதரவாளர் சற்று மனம் சோர்ந்திருந்தால் "மருந்து சரியாகப் போடுகிறாயா?" என்று கேட்கும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். வேறு எந்த ஊழியரிடமும் அவர்கள் அப்படிக் கேட்கத் துணிய மாட்டார்கள். இன்னொரு பக்கம், ஆள் பற்றாக்குறையில் சக ஆதரவாளரையே டிரைவராக, வரவேற்பறை உதவியாளராக, மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்து வரும் ஆளாக மாற்றிவிடுவதும் நடக்கிறது. குழுவில் ஒரே ஒரு சக ஆதரவாளர் என்றால் எதிர்த்துப் பேசவும் துணை இருக்காது. இந்த வேலையில் நீண்ட அனுபவம் உள்ள ஒருவரே மேற்பார்வை பார்க்க வேண்டும், குழுவுக்கு இருவராவது வேண்டும் என்பது என் திட்டமான கருத்து. மத்திய அரசின் மனநல நிறுவனமான சாம்சா 2023-இல் வெளியிட்ட மாதிரித் தரநிலைகள் சக ஆதரவாளர்களே மேற்பார்வையாளர்களாக உயர வழி வேண்டும் என்கின்றன. அவை பரிந்துரைகள்தான், கட்டாயம் அல்ல.

சம்பளம் குறைவு. பலருக்கு மணிக்கூலி, பகுதி நேரம். இதில் வெளியே தெரியாத ஒரு கணக்கு உண்டு. மனநோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்கள் பலர் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஊனமுற்றோர் உதவித்தொகையில் வாழ்கிறார்கள். 2025 நிலவரப்படி மாதம் 1,620 டாலருக்கு மேல் சம்பாதித்தால் அவரை வேலை செய்யக்கூடியவர் என்று கணக்கிடுவார்கள். ஒன்பது மாதச் சோதனைக் காலம் உண்டு, அதற்குப் பிறகும் சில பாதுகாப்புகள் உண்டு. இருந்தாலும் ஒருவர் நிலையில் அதைப் பாருங்கள். கையில் இருப்பது நிச்சயமான உதவித்தொகை. எதிரே இருப்பது மானியம் நின்றால் போய்விடக்கூடிய வேலை. மறுபடி உடம்புக்கு முடியாமல் போகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். எனவே வாரம் இருபது மணி நேரத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அக்கறை இல்லாததால் அல்ல, கணக்குத் தெரிந்ததால்.

இதனால் பலன் உண்டா? ஆய்வுகள் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும். பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2013-இல் வந்தது. அது 11 சோதனைகளை, 2,796 பேரை எடுத்துக்கொண்டது. மனநோய் அனுபவம் உள்ளவர்கள் செய்த வேலைக்கும், அதே மாதிரிப் பொறுப்பில் தொழில்முறையாளர்கள் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. இதைத் தோல்வி என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டம் படித்தவர்களுக்கு இணையாகச் செய்திருக்கிறார்கள் என்றும் படிக்கலாம், நான் அப்படித்தான் படிக்கிறேன். 2018-இல் இங்கிலாந்தில் 441 பேரிடம் நடந்த சோதனையில், நெருக்கடிச் சிகிச்சை முடிந்து வந்தவர்களுக்குச் சக ஆதரவாளர் துணையோடு ஒரு பயிற்சி ஏடு கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் மறுபடி தீவிரச் சிகிச்சைக்குப் போனவர்கள் அந்தக் குழுவில் 29 சதவீதம், ஏடு மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் 2022-இல் வெளியான, 590 பேரைக் கொண்ட இன்னொரு ஆங்கிலேயச் சோதனையில் மருத்துவமனைக்குத் திரும்பியவர்களின் விகிதம் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. கறுப்பினத்தவரிடம் மட்டும் பலன் தெளிவாகத் தெரிந்தது. பொதுவாக ஆய்வுகளில் நம்பிக்கையும் தன் வாழ்க்கை தன் கையில் என்ற உணர்வும் கூடுகின்றன. மருத்துவமனை நாட்கள் குறையுமா என்பதில்தான் ஒருமித்த பதில் இல்லை. காப்பீட்டு நிர்வாகங்கள் கேட்பது இரண்டாவதை.

பில் கணக்குக்கு வெளியே இந்த வேலை எப்படி இருக்கும் என்பதையும் ஜார்ஜியாவிலேயே பார்க்கலாம். 2008-இல் டிகேட்டரில் நுகர்வோர் வலையமைப்பு ஒரு வீட்டை எடுத்தது. நடத்துபவர்கள் எல்லாரும் சக ஆதரவாளர்கள். பகலில் யார் வேண்டுமானாலும் வரலாம், இரவு பகலாகத் தொலைபேசியில் பேசலாம். நெருக்கடி முற்றுவதற்கு முன்பே வந்து ஏழு இரவுவரை தங்க சில அறைகளும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு முறை வந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கஷ்டம் வந்தால் எனக்கு எது உதவும், எது உதவாது என்பதை அவரே சொல்லி வைப்பார். நோயின் பெயர் கேட்பதில்லை. அலகுக் கணக்கு எழுதுவதில்லை, ஏனென்றால் நடத்தும் செலவு மாநில அரசின் நிதியிலிருந்து வருகிறது. விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கம் வராதவரோடு சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதும் அங்கே வேலைதான், அதற்கு யாரும் இலக்கு எண் தேட வேண்டியதில்லை. இதே மாதிரி வீடுகள் மாநிலத்தின் வேறு சில ஊர்களிலும் பின்னர் திறக்கப்பட்டன. ஆனால் ஆண்டு நிதியை நம்பி நிற்கும் வீடு எப்போதும் சட்டமன்றத்தின் பட்ஜெட்டைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். காப்பீட்டுப் பணத்துக்கு அந்தப் பயம் குறைவு. ஃபிரிக்ஸும் அவர் தோழர்களும் 1999-இல் மெடிகெய்டைத் தேடிப் போனது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் இன்று இந்த உத்தியோகமே இருந்திருக்காது.

இந்தியாவிலும் இந்த வேலை தொடங்கிவிட்டது. ஜெர்மனி, உகாண்டா, தான்சானியா, இஸ்ரேல், இந்தியா என ஐந்து நாடுகளில் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் புனே ஒரு மையம். குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகளில் சக ஆதரவுத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். இங்கே பில் குறியீடு இல்லை, அதனால் அலகுத் தொல்லையும் இல்லை. அதே காரணத்தால் நிரந்தரச் சம்பளமும் இல்லை, திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும்.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அமைக்க வேண்டிய மனநல மறுஆய்வுக் குழு ஒவ்வொன்றிலும், மருத்துவர்களுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் பிரதிநிதிக்கும் அருகே இரண்டு இடங்கள் மனநோயோடு வாழ்பவர்களுக்கும் உரியவை. ஒருவரைக் கட்டாயமாகச் சேர்த்தது சரியா என்று பார்க்கும் குழு அது. ஆனால் அதே பிரிவு, பராமரிப்பவர்களையோ தொண்டு நிறுவனத்தாரையோ கொண்டும் அந்த இடங்களை நிரப்ப அனுமதிக்கிறது. மருத்துவமனைக் கதவுக்கு உள்ளே இருந்து பார்த்த ஒருவர்கூட இல்லாமல் ஒரு குழுவைச் சட்டப்படி அமைத்துவிட முடியும்.